நூறு கச்சேரி, ஒரே சொடுக்கு

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாற்றிலும் பழைய வீடுகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறும்போது பரணிலிருந்து இறங்குபவற்றில் பித்தளைப் பாத்திரங்களுக்கு அடுத்தபடி ஒலிநாடாக்கள் இருக்கும். சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து பதிவு செய்த கேசட், வானொலிப் பெட்டிக்கு எதிரே ரெக்கார்டரை வைத்துப் பிடித்த ஸ்பூல், யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணக் கச்சேரி. இவற்றில் கணிசமான பகுதி இப்போது கணினிக்குள் போய்விட்டது. ரசிகர்களுக்கிடையே ஹார்ட் டிஸ்க்குகள் கைமாறுகின்றன.

அப்படி வந்து சேரும் டிஸ்க்கைத் திறந்தால் சாம்பிள் ரேட்டில் ஓர் ஒழுங்கும் இருக்காது. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக எழுதுகிறோம் என்பதே சாம்பிள் ரேட். ஒரே வித்வானின் மூன்று கச்சேரிகள் ஒரே ஃபோல்டரில் இருக்கும், ஒன்று 44.1 கிலோஹெர்ட்ஸ், அடுத்தது 48, மூன்றாவது 22.05. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 44.1 குறுந்தகட்டின் எண். எண்மமாக்கிய ஒலியை முதலில் வீடியோ நாடாவில்தான் எழுதி வைத்தார்கள். நம் ஊர்த் தொலைக்காட்சி முறைக் கணக்கில் நொடிக்கு 50 புலங்கள், புலத்துக்கு 294 வரிகள், வரிக்கு 3 சாம்பிள் என்று பெருக்கினால் 44,100 வரும். 48, டேட் என்னும் எண்ம ஒலிநாடாவோடும் வீடியோவோடும் வந்தது. 32, டேட் நாடாவில் நீண்ட நேரம் பதிவு செய்ய வைத்துக்கொண்ட சிக்கன முறை. 22.05, டிஸ்க்கில் இடம் போதாத காலத்தில் உபந்நியாசத்துக்கும் பேச்சுக்கும் போதும் என்று பாதியாகக் குறைத்தது.

இந்தக் கலவையை ஒழுங்குபடுத்த எல்லோரும் கைக்கொள்ளும் வழி, மொத்தமாக மாற்றுவது. ஃபோல்டர் முழுவதையும் ஒரு மென்பொருளில் போட்டு 48 என்று தேர்ந்தெடுத்து, இரவில் ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். இந்த வழக்கத்தை நான் குறை சொல்லப் போவதில்லை. முந்நூறு கோப்புகளைத் தனித்தனியாகத் திறந்து மாற்றுபவர் நூற்றைம்பதாவது கோப்பில் அமைப்பை மறந்துவிடுவார், இயந்திரம் மறக்காது. ஆனால் அமைப்பே தவறென்றால் அந்தத் தவறு முந்நூறு கோப்புகளிலும் ஒரே சீராக உட்கார்ந்துவிடும். மொத்த மாற்றத்தின் பலமும் பலவீனமும் இந்த ஓர் இடத்திலிருந்தே புறப்படுகின்றன. ஆகையால் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, தான் செய்ததை அது வாய்விட்டுச் சொல்கிறதா என்பதை.

வழக்கமான விவாதம் இங்கே தொடங்குவதில்லை. எந்த மென்பொருளின் கணக்கு துல்லியம் என்பதில்தான் வாதம் மூளும். அதற்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. சாம்பிள் ரேட்டின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்களை அந்தக் கோப்பால் தாங்க முடியாது. குறைக்கும் முன் அவற்றை வடிகட்டியாக வேண்டும். வடிகட்டாவிட்டால் அவை மடங்கிக் கீழே விழும். ஓர் உதாரணம்: 1975இல் சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கிய பிறகு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் மைக்கை வைத்துக் கச்சேரிகளைப் பதிவு செய்தவர்கள் உண்டு. பழைய படக்குழாய்ப் பெட்டிகள் 15,625 ஹெர்ட்ஸில் மெல்ல விசிலடிக்கும். நல்ல டெக்கில் பதிவு செய்த நாடாவில் அதுவும் விழுந்திருக்கும். அறுபதைக் கடந்த காதுக்கு அது கேட்பதில்லை. அந்தக் கோப்பை 44.1இலிருந்து 22.05க்கு மட்டமான மென்பொருளால் குறைத்தால் விசில் 6,425 ஹெர்ட்ஸுக்கு இறங்கி வந்துவிடும். எழுபது வயது ரசிகருக்கும் இப்போது அது கேட்கும், வயலினின் மேல் ஸ்தாயிக்கும் மேலே ஓயாமல் கூவிக்கொண்டு. மூல நாடாவில் காதுக்கு எட்டாமல் கிடந்த ஒன்றை மாற்றமே கச்சேரிக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

இன்றைக்கு நல்ல மென்பொருள் எதிலும் இது நடக்காது. சாக்ஸ், அதன் கணக்கை நூலகமாகப் பிரித்தெடுத்த சாக்ஸ்ஆர், ஆர்8பிரெய்ன் ஆகியவற்றில் மிஞ்சும் பிழை, கேசட்டின் இரைச்சலுக்கு எத்தனையோ மடங்கு கீழே கிடக்கிறது. ஒலி திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியும் சாக்ஸ்ஆரைத்தான் உள்ளே வைத்திருக்கிறது. கணக்குத் தரத்தை வைத்து இவற்றுக்குள் வரிசை போடுவது, நம் வீட்டு நாடாக்களைப் பொறுத்தவரை, வீண் வேலை. வேறுபாடு அவற்றின் நடத்தையில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

சாக்ஸை எடுத்துக்கொள்வோம். 1991இல் வெளிவந்த, கட்டளை வரியில் இயங்கும் இலவச மென்பொருள். ஒவ்வோர் அளவையும் எத்தனை நுணுக்கமாக எழுதுகிறோம் என்பதே பிட் அளவு; 24 பிட் கோப்பைக் கொடுத்தால் சாக்ஸ் 24 பிட்டாகவே திருப்பித் தரும். பிட்டைக் குறைக்கச் சொன்னால் தேவையான டிதரை, அதாவது குறைப்பின் பிழையை மறைக்கும் மெல்லிய இரைச்சலை, தானே சேர்க்கும். மாற்றும்போது ஒலி உச்சவரம்பைத் தாண்டி வெட்டுப்பட்டால், இத்தனை சாம்பிள்கள் வெட்டுப்பட்டன, ஒலியளவைக் குறைக்கலாமே என்று எச்சரிக்கும். மிருதங்கத்தின் தொப்பியடி ஒவ்வொன்றும் உச்சத்தைத் தொடுகிற தனி ஆவர்த்தனக் கோப்புகளில் இந்த எச்சரிக்கையின் அருமை தெரியும். ஆனால் இதே சாக்ஸ், அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் கேட்காமல் அதன்மேல் எழுதிவிடும். விண்டோஸில் தமிழ்க் கோப்புப் பெயர்களோடு அது தடுமாறும். ராகம், கீர்த்தனை, சபா, ஆண்டு என்று அக்கறையாகத் தமிழில் பெயரிட்டு அடுக்கிய சேகரிப்பைக் கொடுத்தால், கோப்பைத் திறக்க முடியவில்லை என்று கைவிரிக்கும். அதிகாரபூர்வமாக வந்த கடைசிப் பதிப்பு 2015இல் வெளியான 14.4.2.

கட்டளை வரியிலேயே இயங்கும் எஃப்எஃப்எம்பெக் இதற்கு நேரெதிர். தமிழ்ப் பெயர்கள் அதற்குப் பிரச்சினை இல்லை. மேலெழுதும் முன் அனுமதி கேட்கும். மூலக் கோப்பின் மேலேயே எழுதச் சொன்னால் மறுத்துவிடும். ஆனால் 24 பிட் வேவ் கோப்பைக் கொடுத்து சாம்பிள் ரேட்டை மட்டும் மாற்றச் சொன்னால், நாம் வேறு எதுவும் குறிப்பிடாதவரை, வெளியே வருவது 16 பிட் வேவ். நாம் கேட்காத மாற்றம் இது. அதற்கு எச்சரிக்கையும் வராது. திரையில் ஓடும் வரிகளை நிறுத்திப் படிப்பவருக்கு மட்டும் தெரியும். வெட்டுப்படுதலைப் பற்றியும் அது பேசாது. மிகவும் பரவலாகப் பயன்படும், பல வணிக மென்பொருள்களுக்குள்ளும் ஒளிந்திருக்கும் கருவி இப்படி மௌனம் காப்பதை என்னால் எளிதாக மன்னிக்க முடியவில்லை. 24 பிட்டில் எடுத்த ஒரு பதிவின் மெல்லிய விவரங்கள், யாரும் தீர்மானிக்காமலே போய்விடுகின்றன.

வெட்டுப்படாமல் காக்க சாக்ஸில் ஒரு காவல் அமைப்பு உண்டு. ஒவ்வொரு கோப்பின் உச்சத்தையும் பார்த்து, தேவையான அளவு ஒலியைத் தாழ்த்திவிடும். முழுக் கச்சேரி ஒரே கோப்பாக இருந்தால் இது நல்ல ஏற்பாடு. நம்மிடம் இருப்பவை அப்படி இருப்பதில்லை. வர்ணம் ஒரு கோப்பு, ராக ஆலாபனை ஒன்று, தானம் ஒன்று, பல்லவி ஒன்று என்று யாரோ முன்பே துண்டாக்கியிருப்பார்கள். தனி ஆவர்த்தனம் உள்ள துண்டு அதிகம் தாழும்; ஆலாபனைத் துண்டு அப்படியே நிற்கும். பாடகர் மெல்லத் தொடங்கி வளர்த்துக்கொண்டு போன கட்டுமானம் கலைந்துவிடும்.

துண்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது நம் இசையில்தான் வலிக்கும். ஒவ்வொரு துண்டையும் தனியாக மாற்றும்போது, விளிம்புக்கு அப்பால் ஒலியே இல்லை என்று வைத்துக்கொண்டு மென்பொருள் கணக்கிடுகிறது. பிறகு அடுத்தடுத்து ஓட்டினால் இணையும் இடத்தில் சின்னதாக ஒரு 'டிக்'. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மௌனம் இருக்கும் சினிமா இசைத் தட்டில் இது காதில் படாது. கச்சேரியில் மௌனம் கிடையாது. பாடகர் மூச்சு வாங்கும்போதும் தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்கும். ராகத்திலிருந்து தானத்துக்குப் போகும் இடத்தில் அந்த 'டிக்', வெள்ளை வேட்டியில் மைத்துளி போல, தப்பவே தப்பாது. தீர்வு எளிது: துண்டுகளை முதலில் ஒட்டி, முழுக் கச்சேரியாக மாற்றி, பிறகு வெட்டிக்கொள்ள வேண்டும். மொத்த மாற்றத்துக்கென்றே விற்கப்படும் மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த வரிசையை யோசிப்பதில்லை. அவற்றுக்குக் கோப்புதான் அலகு. ரசிகருக்குக் கச்சேரிதான் அலகு.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, மாற்றாமலே மாற்றியதாகப் பெயர் ஒட்டுவது. ஆடாசிட்டியில் தடத்தின் பெயரருகே விரியும் பட்டியலில் 'ரேட்' என்று ஒன்று இருக்கிறது. அது எண்களைத் தொடாது. இவற்றை இந்த வேகத்தில் ஓட்டு என்று மட்டும் சொல்லும். உண்மையாகக் கணக்கிட்டு மாற்றுவது 'ரீசாம்பிள்'. இரண்டையும் குழப்பிக்கொண்டால் 44.1 பதிவு 48இன் வேகத்தில் ஓடும். ஒரு மணி நேரக் கச்சேரி 55 நிமிடம் 7 நொடியில் முடிந்துவிடும். சுருதி ஒன்றரை அரைஸ்வர அளவுக்கு ஏறும்: ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே நிற்பார். தலைகீழாக நடந்தால் ஐந்து கட்டையில் பாடும் அம்மாள் நாலரைக்குக் கீழே, நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் போய் உட்காருவார். சுருதிப் பெட்டியை அருகில் வைத்துக் கேட்டால் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தொங்குவதை உடனே பிடித்துவிடலாம்.

ஆனால் பிடித்ததும் முடிவுகட்டிவிட முடியாது. பழைய நாடாக்களின் வேகமே துல்லியமாக இருப்பதில்லை. அதனாலும் சுருதி நகரும். நாடாவின் பிழை எந்த அளவிலும் வரலாம். 44.1, 48 குழப்பமோ எப்போதும் அதே விகிதம், ஏறினால் ஏறத்தாழ 8.8 சதவீதம். ஒரே டிஸ்க்கில் பல கச்சேரிகள் ஒரே அளவு நகர்ந்திருந்தால் நாடாவின் மேல் பழி போடாமல் மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

இதன் விளைவு ரசனையோடு நிற்பதில்லை. டிசம்பர் காலைகளில் மியூசிக் அகாடமியில் நடக்கும் செயல்முறை விளக்க உரைகளை எண்ணிப் பாருங்கள். ஒரே ராகத்தை நான்கு தலைமுறைப் பாடகர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்று காட்ட, உரையாளர் நான்கு பழைய பதிவுகளை அடுக்கி ஓட்டுவார். பல இடங்களிலிருந்து வந்த கோப்புகளை ஒரே காலக்கோட்டில் வைக்க மாற்றம் தேவைப்படும். அவற்றில் ஒன்றின் வேகம் 8.8 சதவீதம் கூடியிருந்தால், இந்த வித்வானின் காலப்பிரமாணம் மற்றவர்களைவிடத் துரிதம் என்ற முடிவு மேடையிலிருந்தே வெளிவரும். கமகத்தின் அசைவும் கூர்மையாகத் தெரியும். கேட்பவர்களில் மாணவர்கள் இருப்பார்கள். அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

மாற்றவே வேண்டாத இடத்தில் மாற்றுவதும் நிறைய நடக்கிறது. உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐயாசா, டிசி-04 என்னும் வழிகாட்டியில் குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றும், 96 கிலோஹெர்ட்ஸ் நல்லது என்றும் சொல்கிறது. நாடாவிலிருந்து கணினிக்குக் கொண்டுவரும் வேலைக்கான பரிந்துரை இது. இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே 44.1இல் இருக்கும் கோப்புகளை 96க்கு ஏற்றிவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்றுவதால் ஒரு கமகமும் கூடுதலாக வராது. காமராஜர் சாலை வானொலி நிலையத்தின் மத்திய அலையிலிருந்து பதிவு செய்த கச்சேரியில் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பாட்டே கிடையாது. அதை எந்த எண்ணுக்கு ஏற்றினாலும் இரைச்சலுக்குத்தான் இடம் பெரிதாகும். இடமும் சின்ன விஷயமில்லை. மூன்று மணி நேரக் கச்சேரி 44.1, 16 பிட் ஸ்டீரியோவில் 1.9 ஜிபி. 96, 24 பிட்டில் 6.2 ஜிபி. சாதாரண வேவ் கோப்பின் வரம்பு 4 ஜிபி என்பதால், இரண்டு மணி நேரம் தாண்டியதும் பெரிய கோப்புகளுக்கான ஆர்எஃப்64 போன்ற வடிவம் தெரியாத மென்பொருள் தடுமாறும். பிரதான உருப்படியும் தனியும் மங்களமும் இருக்கும் பகுதி அதுதான்.

ஒரு மாற்றத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. நாடாவைக் கணினிக்குக் கொண்டுவரும்போது பதிவு மென்பொருளில் 44.1 என்று வைத்திருப்பார்கள். விண்டோஸின் ஒலி அமைப்பில் அதே கருவி 48இல் நிற்கும். விண்டோஸ் நடுவில் தானே மாற்றிக் கொடுத்துவிடும். எந்தக் கணக்கில் மாற்றியது என்று எங்கும் எழுதி வைக்காது. மென்பொருள் தேர்வு பற்றி மணிக்கணக்காக வாதிடுபவரின் கோப்புகள் அதற்கு முன்பே ஒரு முறை மாறி வந்திருக்கும்.

என் தேர்வு இதுதான். கட்டளை வரிக்கு அஞ்சாதவர்கள், பல நூறு மணி நேரச் சேகரிப்பைப் பார்த்துக்கொள்பவர்கள், சாக்ஸ்ஆர் சேர்த்துக் கட்டிய எஃப்எஃப்எம்பெக்கை எடுத்துக்கொள்ளலாம். பிட் அளவை வெளிப்படையாக எழுதி, ஒலியளவைக் கச்சேரிக்கு ஒன்றாகக் குறைத்து, ஒவ்வொரு ஓட்டத்தின் பதிவேட்டையும் கோப்புகளோடு சேர்த்து வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்புகளே இருக்குமானால் சாக்ஸ் இன்னும் நம்பகமானது, வெளியீட்டுக்குத் தனி ஃபோல்டர் கொடுத்தால். வீட்டில் கேட்கும் பெரியவர்களுக்கு, பாட்டு ஓட்டும் மென்பொருளான ஃபூபார்2000 போதும்: தமிழ்ப் பெயர்களைக் காக்கிறது, பிழை வந்தால் பட்டியலிட்டுக் காட்டுகிறது. ஆடாசிட்டியின் மேக்ரோ முடிவுகளைத் தனி ஃபோல்டரில் போடுவதால் மூலம் பிழைக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே புதியவர்களுக்கு அதைச் சொல்வேன். ஒட்டிய கச்சேரி ஒன்றை முதலில் ஓட்டி, அதன் நீளம் மூலத்தோடு நொடி பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மீதியை வரிசையில் விடலாம். மூல டிஸ்க் தனியாக, எந்த மென்பொருளும் எழுத முடியாதபடி பூட்டிய நிலையில் இருக்க வேண்டும். நாடா சிதைந்துபோன வீடுகளில் முதல் பிரதி இனி அந்த டிஸ்க் ஒன்றுதான்.