'நம்முடையது' என்றொரு மருந்து

சென்ற இதழில் வெளிவந்த, தாவரச் சாறுகளால் கொலஸ்ரோலைக் குறைப்பது பற்றிய கட்டுரையை இரவு வேலையின் இடைவேளையில் வாசித்தேன். கட்டுரையாளரின் கோபத்தில் பாதி என்னுடையதும்தான். மருந்துக் கம்பனிகளின் இலாபவெறி பற்றி எனக்கு எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் குளிசை அவர்களுடையது, ஆகவே சந்தேகத்துக்குரியது. மூலிகை நம்முடையது, ஆகவே நல்லது என்று அவர் வந்தடையும் முடிவை ஏற்பதற்கில்லை.

அவர் பெருமையுடன் முன்வைக்கும் உதாரணம் குக்குலு. ராஜஸ்தான், குஜராத் வறள்நிலங்களில் வளரும் முட்செடியொன்றின் பிசின். சுஸ்ருத சங்கிதை கொழுப்பு நோய் குறித்துச் சொன்னதைப் பின்பற்றி, 1966 இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்தியவதி முயல்களில் அதைச் சோதித்தார். பயன் தெரிந்தது. பின்னர் அதன் சாறு இந்தியாவில் அனுமதி பெற்ற மருந்தாகவும் விற்பனைக்கு வந்தது. இதுவரை கட்டுரை சரி. ஆனால் இத்துடன் அது நின்றுவிடுகிறது. 2003 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 103 பேரிடம் எட்டு வாரம் நடத்திய சோதனையில், மருந்தில்லாப் போலிக் குளிசை விழுங்கியவர்களுக்குக் கெட்ட கொலஸ்ரோல் 5 வீதம் குறைந்தது. குக்குலு எடுத்தவர்களுக்கோ 4 முதல் 5 வீதம் கூடியது! சிலருக்குத் தோலில் தடிப்பும் போட்டது. அவர்கள் அமெரிக்க உணவு உண்டவர்கள் என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் இங்கே நாங்கள் மட்டும் என்ன, குரக்கன் பிட்டா சாப்பிடுகிறோம்?

மேற்கின் சதி என்பவர்களுக்கு என் சொந்த மடைமையைச் சொல்கிறேன். கரும்பு மெழுகிலிருந்து கியூபா தயாரித்த பொலிக்கோசனோலை, தோழமையின் பேரில் பல மாதம் விழுங்கியவன் நான். வைத்தியர் தந்த குளிசை லாச்சிக்குள் கிடந்தது. கியூப ஆய்வுகள் அதைப் புகழ்ந்தன. 2006 இல் ஜேர்மனியில் 143 பேரிடம் சோதித்தபோது, 80 மில்லிகிராம் வரை கொடுத்தும் போலிக் குளிசைக்கும் அதற்கும் வித்தியாசம் காணப்படவில்லை. என் இரத்தமும் அதையே சொன்னது.

ஸ்ரற்றின் மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா? ஜப்பானியரான அகிரா எண்டோ 1973 இல் அதைக் கண்டெடுத்தது ஒரு பூஞ்சணத்திலிருந்து. 'இயற்கை' என்று விற்கப்படும் சீனத்துச் செவ்வரிசியில் இருப்பதும் லோவஸ்ரற்றின் என்ற அதே மூலக்கூறுதான். தசைநோவும் அதே நோவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் அதன் நாளாந்த அளவுக்கு வரம்பு கட்டியதும் இதனால்தான். தாவரங்களில் பயனே இல்லையென்று நான் வாதிடவில்லை. தாவர ஸ்ரெரோல்கள் கொலஸ்ரோலைப் போன்ற உருவங்கொண்டவை. குடலில் அதன் இடத்தைப் பிடித்து உறிஞ்சலைத் தடுக்கின்றன. நாளொன்றுக்கு 2 கிராம் எடுத்தால் கெட்ட கொலஸ்ரோல் ஏறத்தாழ 10 வீதம் குறையும். இந்த வழியில் 1995 இல் பின்லாந்துக் கம்பனியொன்று பைன் மரக் கழிவிலிருந்து மாஜரின் செய்து நல்ல விலைக்கு விற்றது. மூலதனத்துக்கு இயற்கையோடு என்ன பகை? குக்குலுச் செடியே பிசினுக்காகக் கீறிக் கீறி அழிந்துகொண்டிருக்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டிருப்பதைக் கட்டுரையாளர் ஏன் எழுதவில்லை?

எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர் ஒருமுறை மாரடைப்பு வந்து தப்பியவர். ஊரில் நான் படிப்பித்ததை அறிந்ததால் இன்றும் என்னைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார். கட்டுரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "சேர், இனிக் குளிசையை விடலாமோ?" என்றார். விடவேண்டாம் என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. அச்சில் வந்ததல்லவா.