இரண்டு கொசுக்களும் ஒரு வீரக் கதையும்

மலேரியாவைப் பற்றித் தமிழில் எழுதப்பெறும் எளிய விஞ்ஞானக் கட்டுரைகள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள், செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவை அறுத்துப் பார்த்தார். உலகப் புதிர் அவிழ்ந்தது. அத்துடன் கதை முடிந்துவிடும்.

ராஸ் எழுதியதோ வேறு. அவ்வாண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பே, மலேரியா இரத்தம் குடித்த இரண்டு கொசுக்களில் காணப்பெற்ற விசித்திரமான சில நிறமி அணுக்கள் என்ற அளவில் நின்றுவிட்டது. இரண்டே கொசுக்கள்! கடியின் வழியே நோய் பரவுவதை அவர் 1898இல் கல்கத்தாவில், அதுவும் பறவைகளிடத்தே, மெய்ப்பித்தார். மனிதரைத் தாக்கும் கிருமி அனோபிலிஸ் கொசுவினுள் வளர்வதை நிறுவியவர்கள் இத்தாலியில் கிராஸியும் அவர் தோழர்களும் ஆவர்.

கதைக்குச் சுவை வேண்டாமா எனலாம். வேண்டும், ஆயினும் எழுதுவோர் தாண்டிய படியில் படிப்போர் இடறி விழுவதுண்டு. தேங்கிய சாக்கடையே மலேரியாவின் பிறப்பிடம் என்று எழுதிவிடுவது எளிது. மலாயாவில் மால்கம் வாட்சன் கண்டது என்ன? 1901 முதல் கிள்ளானில் சதுப்பு நிலத்து நீரை வடித்தபின் காய்ச்சல் தணிந்தது. மலைப்பாங்கான தோட்டங்களிலோ, காட்டை வெட்டிக் கால்வாய் தோண்டியும் தணியவில்லை. அங்குள்ள அனோபிலிஸ் மாக்குலாட்டஸ், வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும் இனம். சாக்கடையைத் தேடுவோர் கண்ணுக்கு அந்நீர் குற்றமற்றது! நிலத்தடிக் குழாயும் எண்ணெய்த் தெளிப்புமே அங்குப் பயன்பட்டன.

எந்தக் கொசு, எந்த நீர் என்பதைச் சொல்லாத கட்டுரையை எளிமையானது என்று பாராட்டுவதற்கில்லை. பள்ளியில் இக்கதையைச் சொல்லும் ஆசிரியர்கள் அவ்விரண்டு கொசுக்களின் கணக்கையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்கு ஒரு வரி போதும்.