கவனக்குறைவு யாருடைய குணம்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் செய்தி எப்படி வரும் என்பது நமக்கு மனப்பாடம். மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டது, அறைகள் தரைமட்டமாயின, இத்தனை பேர் உடல் கருகி இறந்தனர், போர்மேன் கைது. அடுத்த இரண்டு நாளில் டீக்கடையில் தீர்ப்பும் வந்துவிடும். "அவன் எப்பவுமே அவசரக்காரன்." "அந்தப் பிள்ளைக்குக் கவனமே பத்தாது." இறந்தவரின் குணம்தான் விபத்துக்குக் காரணம் என்று ஆகிவிடும். 'தொழிலாளர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுக்க வேண்டும்' என்ற யோசனையும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

மனிதர்களைக் குணவாரியாக வகை பிரிப்பது, அந்தக் குணத்துக்கு மூளையில் விலாசம் தேடுவது, விழிப்புணர்வுப் பயிற்சியால் அதைத் திருத்துவது: மூன்றும் கலந்த ஒரு முறை இன்று பள்ளி முதல் கம்பெனி வரை நுழைந்திருக்கிறது. அதில் சரக்கு எவ்வளவு, பூச்சு எவ்வளவு என்று எடைபோட வெடிமருந்து புழங்கும் பூமியைவிடத் தோதான இடம் கிடையாது. இங்கே ஒரு தவறான முடிவுக்கு விலை உயிர்.

இந்தக் கலவை தமிழர்களுக்குப் புதிதல்ல. வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த மனவளக்கலையில் மூன்றும் இருக்கின்றன. ஆழியாறு முதல் சின்னஞ்சிறு ஊர்களின் மன்றங்கள் வரை பரவிய பயிற்சி அது. மனிதரை ஆட்டிவைக்கும் குணங்களை அவர் ஆறாகப் பட்டியலிட்டார்: பேராசை, சினம், கடும்பற்று, முறையற்ற பால்கவர்ச்சி, உயர்வு தாழ்வு மனப்பான்மை, வஞ்சம். தற்சோதனையால் பேராசையை நிறைமனமாகவும், வஞ்சத்தை மன்னிப்பாகவும் மாற்றலாம் என்றார்.

இதன் பலம் எளிதில் கண்ணில் படாது. அந்த ஆறும் ஆறு வகை மனிதர்கள் அல்ல. எல்லாரிடமும் ஆறும் உண்டு, அளவுதான் கூடும் குறையும். கம்பெனிகள் கொண்டாடும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனையை இதோடு ஒப்பிடலாம். கார்ல் யுங் 1921-இல் எழுதிய நூலை அடிப்படையாக வைத்து, உளவியலில் முறையான பட்டம் பெறாத ஒரு தாயும் மகளும் உருவாக்கிய அந்தச் சோதனை மனிதர்களைப் பதினாறு பெட்டிகளில் அடைக்கிறது. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்கள் வேறு பெட்டிக்குப் போய்விடுகிறார்கள். இன்றைய ஆய்வு உளவியல் பெட்டிகளைக் கைவிட்டு, ஐந்து பண்புகளை அளவுகோல்களாக வைத்தே பேசுகிறது. அந்த விஷயத்தில் வேதாத்திரியின் பட்டியல் பதினாறு பெட்டிகளைவிட அறிவியலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. குணம் மாறக்கூடியது என்று அது எடுத்துக்கொள்வதும் பெரிய பலம்.

சறுக்கல் மூளைக்கு வரும்போது தொடங்குகிறது. பீட்டா, ஆல்பா, தீட்டா, டெல்டா என்று மனம் படிப்படியாக இறங்குவதாகவும், சினமும் பேராசையும் அலைவேகத்தைக் கூட்டுவதாகவும் மனவளக்கலை விளக்குகிறது. மூளை அலைகள் உண்மையானவை. ஹான்ஸ் பெர்கர் 1929-லேயே அவற்றைப் பதிவு செய்து வெளியிட்டார். ஆனால் எந்த நொடியிலும் மூளையில் பல அலைகள் ஒன்றாகவே ஓடுகின்றன. டெல்டா ஓங்கி நிற்பது ஆழ்ந்த உறக்கத்தில். ஒரு மனிதரின் குணத்தை ஒற்றை அலைவேக எண்ணாகச் சுருக்க வழியில்லை. இடமூளைக்காரர், வலமூளைக்காரர் என்ற பிரிவுக்கும் இதே கதிதான். 2013-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப்படங்களை ஆராய்ந்தபோது அப்படி இரு வகை மனிதர்கள் தென்படவில்லை. மூளைப்படத்தில் குணத்தைத் தேடுவதானால் ஆயிரக்கணக்கானவர்களின் படங்கள் வேண்டும், சில டஜன் படங்களில் தெரிவது பெரும்பாலும் தற்செயல் என்பதை 2022-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றும் காட்டியது.

பூச்சு வியாபாரமாகும்போது இன்னும் மோசம். பிள்ளையின் கைரேகையை எடுத்து மூளைத்திறனையும் குணத்தையும் சொல்வதாகக் காசு வாங்கும் சோதனை நம் ஊர்களுக்கும் வந்தது. பல ஆண்டுகள் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்தின் முதலிடத்தில் இருந்த மாவட்டம், சிவகாசி அடங்கிய நம் விருதுநகர். படிப்பில் இவ்வளவு பதற்றமுள்ள பெற்றோர் எங்கே இருக்கிறார்களோ, அங்கே இதற்குச் சந்தையும் இருக்கும். அந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019-இல் அறிவித்தது.

தியானத்தின் கணக்கு இவ்வளவு மோசமில்லை. ஜான் கபாட்-சின் 1979-இல் மாசசூசெட்ஸில் நாள்பட்ட வலியால் அவதிப்பட்டவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சிதான் இன்றைய மைண்ட்ஃபுல்னெஸ் (விழிப்புணர்வுப் பயிற்சி) அலைக்கு ஊற்று. 47 சோதனைகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் தியானம் மிதமான பலன் தருகிறது என்றது. மிதமான பலன் என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் எட்டே வாரத்தில் மூளையின் அமைப்பே மாறுகிறது என்ற 2011-ஆம் ஆண்டுச் செய்தி, கூடுதல் பேரை வைத்து 2022-இல் மறுபடி சோதித்தபோது நிலைக்கவில்லை. பிரிட்டனில் எண்பத்தைந்து பள்ளிகளில் நடத்திய பெரிய சோதனையிலும், வழக்கமான வகுப்புகளைவிட இந்தப் பயிற்சி பிள்ளைகளுக்கு எதையும் கூடுதலாகத் தரவில்லை.

இந்த மாவட்டத்துக்கென்றே இதில் ஒரு பழைய பாடம் உண்டு. திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமணர், மனதில் ஓடும் எண்ணம் யாருக்கு எழுகிறது என்று திருப்பிக் கேட்கச் சொன்னார். 'நீ இன்ன வகை' என்று யாருக்கும் சீட்டு எழுதித் தரவில்லை. உள்முகப் பயிற்சி அவரவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வியாக இருக்கும்வரைதான் அதற்கு மரியாதை.

அடுத்தவர்மேல் அதைத் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் வெடிகுண்டு ஆலைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு நேர்ந்த விபத்துகளை கிரீன்வுட், வுட்ஸ் என்ற இருவர் கணக்கெடுத்து 1919-இல் வெளியிட்டார்கள். சிலருக்கு மட்டும் விபத்து திரும்பத் திரும்ப நேர்ந்திருந்தது. 'விபத்துக்கென்றே பிறந்த மனிதர்' என்ற கருத்து அங்கிருந்துதான் வேர்விட்டது. அப்படிப்பட்டவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்து விலக்க முயன்ற சோதனைகள் ஏமாற்றமே தந்தன. நம் மருந்து அறையில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. அங்கே முதல் தவறே கடைசித் தவறாகிவிடுவதால், திரும்பத் திரும்பத் தவறுபவர் என்று ஒருவரை அடையாளம் காண முடியாது.

கவனம் குணத்தில் சேர்ந்ததுதானா என்பதே சந்தேகம். ராடார் திரையைப் பார்க்கும் வேலையை முன்வைத்து நார்மன் மேக்வொர்த் நடத்திய சோதனைகள் 1948-இல் வெளியாயின. கெட்டிக்காரர்களுக்கும் அரை மணி நேரத்துக்குள் கவனம் சரியத் தொடங்கியது. அது மூளையின் பொது இயல்பு. இப்போது மருந்து அறைக்குள் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று விடியலிலேயே வேலை தொடங்குகிறது. வெறுங்காலோடு ஒருவர் வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் சல்லடையில் சலித்துக் கலக்கிறார். முழங்கை வரை வெள்ளிச் சாம்பல் பூசியிருக்கிறது. அடுத்த அறைகளில் மருந்து செலுத்தவும் திரி வைக்கவும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி எண்ணிக்கைக்கு. தீபாவளி நெருங்க நெருங்க எல்லாக் கையும் வேகம் கூட்டும். அந்த வேகத்தை 'அவசரபுத்தி' என்று சொல்வது, கூலிமுறையைக் குணமாக எழுதிவைப்பது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். அளவுக்கு மிஞ்சிய ஆட்கள், அளவுக்கு மிஞ்சிய மருந்து, உள்குத்தகை (உரிமம் பெற்றவர் ஆலையை வேறொருவருக்கு விடுவது) என்ற சொற்களே இத்தகைய விபத்துகளின் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வந்தன. உராய்வு பொறியைத்தான் தரும். ஒரு பொறி எத்தனை பேரைக் கொல்லும் என்பதை முடிவு செய்வது, நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பது.

ஆகவே இந்த முறையை முழுக்கத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வேலை முடிந்து வந்த ஒருவர் தன் விருப்பத்தோடு கண்மூடி உட்கார்ந்து நிம்மதி அடைந்தால் அது அவருக்கு லாபம். கலவையில் கைவைக்கும் முன் ஒரு நிமிடம் நின்று நிதானிப்பதைப் போர்மேன் பயிற்சியில் வழக்கமாக்கினாலும் நல்லதுதான். ஆனால் ஆளெடுப்பிலும், விபத்து விசாரணையிலும், பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிப்பதிலும் குணவகைச் சீட்டுக்கு இடம் தரக்கூடாது. விசாரணை அறிக்கையில் தொழிலாளியின் கவனம் பற்றிய வரி கடைசியில் வரட்டும். அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, நேற்றைய மிச்சம் உள்ளே இருந்ததா, ஆலை யார் கையில் இருந்தது, கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பவை முதலில் வரட்டும்.

வேதாத்திரியின் பட்டியலில் முதலில் நிற்பது பேராசை. அந்தத் தற்சோதனை உள்குத்தகை பேசுகிறவர்களுக்கும் பொருந்தும். ஆனால் அவர்கள் மனம் திருந்தும்வரை காத்திருக்க முடியாது. அங்கே தியானத்துக்கு முன்னால் உரிமம் ரத்தாக வேண்டும்.