க்ரிஷ் 3: நிறைகளும் குறைகளும்

க்ரிஷ் 3, ராகேஷ் ரோஷன் தயாரித்து இயக்கிய இந்தி சூப்பர் ஹீரோ திரைப்படம். 2013 நவம்பர் 1 அன்று, தீபாவளியையொட்டி வெளியானது. தமிழிலும் தெலுங்கிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டது. கோயி மில் கயா (2003), க்ரிஷ் (2006) ஆகிய படங்களைத் தொடர்ந்து வந்த மூன்றாவது படம் இது. நான்காம் படம் பற்றிய அறிவிப்புகள் வந்திருந்தாலும், இப்போதைக்கு இந்த வரிசையின் கடைசிப் படம் இதுவே. குடும்பக் கதையாக இப்படம் பெரிதும் வெற்றி பெறுகிறது. ஆனால் முதல் படம் விதைத்த ஒரு நல்ல எண்ணத்தை இது கைவிட்டுவிடுகிறது. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முந்தைய இரு படங்கள்

கோயி மில் கயா படத்தின் நாயகன் ரோகித், அறிவு வளர்ச்சி குன்றிய இளைஞன். சிறு பிள்ளைகளோடு விளையாடுபவன். பெரியவர்களின் கேலிக்கு ஆளாகிறவன். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஜாதூ அவனுக்கு அபூர்வ ஆற்றலைத் தருகிறது. இந்த வேடத்துக்காக ஹிருத்திக் ரோஷன் ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகர் விருது பெற்றார். இரண்டாம் படத்தில் ரோகித்தின் மகன் கிருஷ்ணா முகமூடி அணிந்து க்ரிஷ் ஆகிறான். விஞ்ஞானி ஆர்யாவிடம் சிறைப்பட்டிருந்த தந்தையை மீட்கிறான். தந்தை, மகன் இருவராகவும் ஹிருத்திக்கே நடித்தார்.

கதைச் சுருக்கம்

மூன்றாம் படத்தில் ரோகித் முதிய விஞ்ஞானி; சூரிய ஒளியைக் கொண்டு இறந்த திசுக்களுக்கு உயிரூட்டும் ஆய்வில் இருக்கிறார். கிருஷ்ணா, மனைவி பிரியாவுடன் (பிரியங்கா சோப்ரா) மும்பையில் வாழ்கிறான். 'கால்' என்ற வில்லன் (விவேக் ஓபராய்) கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தவன். இரு விரல்களை மட்டும் அசைக்கக்கூடியவன். இந்தியில் இப்பெயர் காலத்தையும் யமனையும் குறிக்கும். நினைத்த மாத்திரத்தில் பொருள்களை நகர்த்தும் ஆற்றல் அவனுக்கு உண்டு. நோய்க் கிருமியைத் தானே பரப்பி, அதற்கான மருந்தையும் தானே விற்கிறான். மனிதரும் விலங்கும் கலந்த உயிர்களையும் உருவாக்குகிறான். ஆர்யா தன் சோதனையில் ரோகித்தின் மரபணுவிலிருந்து உருவாக்கிக் கைவிட்ட குழந்தைதான் இந்த வில்லன் என்பது பின்னர் தெரியவருகிறது.

நிறைகள்

முதல் நிறை ஹிருத்திக்கின் நடிப்பு. ஒரே காட்சியில் இருவரும் நின்றாலும் யார் தந்தை, யார் மகன் என்ற ஐயம் எழுவதில்லை. ரோகித்தின் கூனல், தயக்கமான பேச்சு, குழந்தைச் சிரிப்பு ஆகியவை பத்தாண்டுகளுக்கு முன் நாம் பார்த்த அதே இளைஞன் முதுமையடைந்திருப்பதை நம்பவைக்கின்றன.

இரண்டாவது, தொடர்ச்சி. ஜாதூவின் ஆற்றல் சூரிய ஒளியில்தான் இருந்தது. ரோகித்தின் ஆய்வும் அதே சூரிய ஒளியைச் சுற்றியே அமைகிறது. இறந்துபோன மகனை அந்த ஒளியால் எழுப்ப, தன் உடலையே ஊடகமாக்கி ரோகித் உயிர்விடும் காட்சி படத்தின் உச்சம். முதல் படத்தில் பிறரிடமிருந்து பெற்ற ஒருவர், மூன்றாம் படத்தில் கொடுத்துவிட்டுப் போகிறார். மூன்று படங்களையும் இணைக்கும் நூல் இதுதான்.

மூன்றாவது, காயா (கங்கனா ரனாவத்). பச்சோந்தியைப் போல உருமாறும் இப்பெண், பிரியாவின் உருவில் கிருஷ்ணாவின் வீட்டுக்குள் நுழைகிறாள். ஏமாற்ற வந்தவள், அங்கே கிடைத்த அன்பால் மாறுகிறாள். இப்படத்தில் உண்மையாக மனம் மாறும் பாத்திரம் இவள் ஒருத்தியே. நாயகிக்குக் கிடைக்காத ஆழம் இவளுக்குக் கிடைத்திருக்கிறது.

நல்லது செய்யும் எவரும் க்ரிஷ்தான் என்ற செய்தியும் குறிப்பிடத்தக்கது. பிறரைக் காப்பாற்ற ஓடியதால் வேலைகளை இழக்கும் கிருஷ்ணாவின் அன்றாடச் சிக்கல், அந்தச் செய்தியை வெறும் உபதேசமாகப் போய்விடாமல் காக்கிறது. ரெட் சில்லீஸ் நிறுவனத்தின் வரைகலைக் காட்சிகள் அக்கால இந்தியப் படங்களில் துணிச்சலான முயற்சி.

குறைகள்

ராஜேஷ் ரோஷனின் பாடல்கள் கதையின் வேகத்தைத் தடுக்கின்றன. நீண்ட நாக்குடைய தவளை மனிதன் போன்றவர்கள் சண்டைக்கு மட்டுமே பயன்படுகிறார்கள். எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உருவாக்குவது என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ரோகித்தின் மஜ்ஜையைப் பெற்றதும் செயலிழந்த உடல் எழுந்து நிற்பதை மாணவர்கள் அறிவியலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கற்பனைப் படம் என்பதால் இவற்றை மன்னித்துவிடலாம்.

மன்னிக்கக் கடினமான குறை வில்லனின் படைப்பில் இருக்கிறது. உருமாறும் பெண், உலோகத்தை ஆளும் வில்லன் எனப் பலவும் ஹாலிவுட்டின் எக்ஸ்-மென் படங்களை நினைவூட்டுகின்றன. அந்தப் படங்களில் சக்கர நாற்காலியில் இருப்பவர் பேராசிரியர் சேவியர்; பலருக்கு வழிகாட்டும் ஆசான். இங்கே அதே நாற்காலி வில்லனுக்குப் போய்விட்டது. அவனது கொடுமைக்குப் படம் காட்டும் வலுவான காரணம், அவன் உடல் குறையும் அதைப் போக்கிக்கொள்ளும் வெறியும்தான். குறையுள்ள ஒருவனை நேசிக்கச் சொல்லித் தொடங்கிய தொடர், குறையுள்ள இன்னொருவனைக் கண்டு அஞ்சச் சொல்லி முடிகிறது.

முதல் படத்திலும் இதன் வித்து உண்டு. ரோகித்துக்கு முழு மரியாதை கிடைத்தது அவன் ஆற்றல் பெற்ற பிறகுதான். இருந்தாலும் ஆற்றல் பெறுவதற்கு முன்பே அவனை நேசித்த தாயும், நிஷாவும், சிறுவர்களும் அந்தப் படத்தில் இருந்தார்கள். மூன்றாம் படத்து வில்லனுக்கு அப்படி ஒருவர்கூட இல்லை. அவனும் ரோகித்தின் இரத்தமே. கைவிடப்பட்ட மகனும் அறியாத தந்தையும் சந்திக்கும் இடம் பெரும் நாடகத்துக்கு உரியது. படம் அதை விரைவாகக் கடந்து மஜ்ஜை எடுக்கும் காட்சிக்குப் போய்விடுகிறது. இறுதிச் சண்டையில் மோதுவது ஒரு வகையில் அண்ணனும் தம்பியும் என்ற பாரமும் நமக்கு ஏறுவதில்லை.

ஸ்பைடர்-மேன் 3 (2007) படமும் வில்லன்கள் மிகுந்து தடுமாறிய மூன்றாம் பாகம்தான். ஆனால் அதில் வரும் மணல் மனிதன் நோயுற்ற மகளுக்காகத் திருடுகிறவன். நாயகன் கடைசியில் அவனை மன்னிக்கிறான். அந்தப் படத்தின் மற்றக் குறைகளை மறந்தாலும் அந்த மன்னிப்பை மறக்க முடிவதில்லை. அத்தகைய ஒரு கணத்துக்கு க்ரிஷ் 3-இல் முழு வாய்ப்பு இருந்தது.

மதிப்பீடு

தமிழில் நாம் மாற்றுத்திறனாளி என்ற சொல்லைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். சொல் மாறினால் போதாது, கதைகளும் மாற வேண்டும். சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வரும் மாணவர் ஒருவர் தன் நண்பர்களோடு அமர்ந்து இப்படத்தைப் பார்த்தால், தன்னைப் போல் அமர்ந்திருப்பவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதை முதலில் கவனிப்பார். அந்தக் கேள்வி படத்தை எடுத்தவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

இக்குறையோடும் க்ரிஷ் 3 பார்க்கத்தக்க படமே. ரோகித்தின் முடிவும் காயாவின் மனமாற்றமும் அதற்குப் போதுமான காரணங்கள். முதல் படத்தைப் பார்த்துவிட்டு இதைப் பார்ப்பது நல்லது. அப்போதுதான் ரோகித்தின் தியாகத்தின் முழு மதிப்பும் விளங்கும். இத்தொடர் பத்தாண்டுகளில் எதை இழந்தது என்பதும் புலப்படும்.