இரண்டு முறை சும்மா போய் வரலாமா?

பொங்கல் கபடி பார்க்கத் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். நாலு பாயிண்ட் முன்னால் இருக்கிற அணியின் ஆள் பாடிக்கொண்டு போவார், கோட்டை ஒரு மிதி மிதிப்பார், யாரையும் தொடாமல் திரும்பிவிடுவார். எதிரணியும் சீண்டாது. 'தொடுடா!' என்று கயிற்றுக்கு வெளியே கத்தல் கிளம்பும்.

நேரம் கடத்தும் இதே நோய் ரக்பிக்கும் உண்டு. ஆட்டம் நின்று நின்று நகர்கிறது என்று ஸ்க்ரம் கட்ட 30 வினாடி, கோலுக்கு மேல் உதைக்க 60 வினாடி எனக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள்.  

2014-இல் தொடங்கிய புரோ கபடி இந்த வைத்தியத்தில் ரக்பியை முந்திக்கொண்டது. பாடிப் போகும் ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. பிடிக்கும் அணியில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ஆளைப் பிடித்தால் இரண்டு பாயிண்ட். 'சூப்பர் டேக்கிள்' என்னும் இது, தோற்கும் அணிக்கும் கடைசி வரை உயிர் கொடுக்கிறது. இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவது 'டூ ஆர் டை': பாயிண்ட் எடுக்காவிட்டால் ஆள் வெளியே.

இந்த மூன்றாவது விதியில்தான் எனக்குக் குறை. சும்மா போய் வருவதை ஒழிக்க வந்த விதி, இரண்டு முறை சும்மா போய் வர உரிமை கொடுத்துவிட்டது. இப்போது அணிகள் முதல் இரண்டு ரெய்டையும் தெரிந்தே கழிக்கின்றன. பிடிக்கிறவர்களும் காத்திருக்கிறார்கள், மூன்றாவது முறை ரெய்டர் வந்துதான் ஆக வேண்டும் என்று தெரியுமே! இரண்டாவது ரெய்டையே டூ ஆர் டை ஆக்கினால் இந்தக் கள்ளத்தனம் பாதி போய்விடும்.

மாற்றம் எதுவானாலும் ஊருக்கொரு விதி கூடாது. 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதிப்போட்டி. இந்தியாவும் ஈரானும் 28-28. இந்திய ரெய்டர் பவன் செஹ்ராவத் யாரையும் தொடாமல் களத்தின் ஓரப் பட்டையான லாபிக்குள் கால் வைக்க, ஈரான் வீரர்கள் நாலு பேர் பின்னாலேயே போய்விட்டார்கள். பழைய விதிப்படி அவர்களும் அவுட். புரோ கபடியில் பழகிய புதிய விதிப்படி அத்தனை பேரும் அவுட் இல்லை. எந்தப் புத்தகத்தைப் பார்ப்பது என்ற சண்டையில் ஆட்டமே நின்றது, வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்தார்கள். கடைசியில் இந்தியா 33-29 என வென்றது. தங்கம் கிடைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த முடிவை எடுத்தது கால்கள் அல்ல, நடுவர் மேசை.

எல்லோருக்கும் பொதுவான விதியாக்கும் முன் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம் நம் மண் களம். செங்கம், போளூர், கலசப்பாக்கம் பக்கம் போட்டி நடத்தும் இளைஞர்களே, வரும் பொங்கலுக்கு ஒரு காட்சி ஆட்டத்தையாவது இரண்டாவது ரெய்டே டூ ஆர் டை என்று வைத்து ஆடவிடுங்கள்.