முகம் தெரிகிறது, குரல் கேட்கிறதா?

2020 மார்ச் மாதம் கொரோனாத் தொற்றினால் நம் நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. கரும்பலகை முன் நின்று பழகிய ஆசிரியர்கள் கைப்பேசித் திரைக்கு முன் அமர நேர்ந்தது. அவர்களுக்கு உதவும் நோக்குடன் பல யோசனைப் பட்டியல்கள் வெளிவந்தன, இன்றும் வருகின்றன. காமிராவைக் கண் மட்டத்தில் வையுங்கள், முகத்தில் வெளிச்சம் விழட்டும், பின்புறம் அழகாக இருக்கட்டும், மாணவர்களின் மைக்கை அணைத்து வையுங்கள் என்பவை அவற்றில் அடிக்கடி காணப்படும். இவை தவறான யோசனைகள் அல்ல. ஆனால் கற்பதற்கு இவை எவ்வளவு உதவும்? சற்று எடை போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒலி. படம் மங்கினாலும் பாடத்தைப் பின்தொடரலாம். குரல் தெளிவில்லாவிட்டால் முடியாது. ஒலியின் செறிவு தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். வாயிலிருந்து 60 செ.மீ. தள்ளியுள்ள மைக்கை 15 செ.மீ. தூரத்திற்குக் கொண்டு வந்தால், தூரம் நான்கில் ஒரு பங்காகிறது. நேரடியாக வரும் குரலின் செறிவோ ஏறத்தாழ 16 மடங்காகிறது. சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி அப்படி உயர்வதில்லை. ஆகவே மைக்குடன் கூடிய சாதாரண இயர்போன் ஒன்று, விலையுயர்ந்த காமிராவைவிட வகுப்புக்கு அதிகம் பயன்படும்.

அடுத்தது செலவு. ஆசிரியரின் முகம் தெளிவாகத் தெரிய விநாடிக்கு 10 லட்சம் பிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். 45 நிமிடத்தில், அதாவது 2,700 விநாடியில், ஒவ்வொரு மாணவரின் கைப்பேசிக்கும் சுமார் 338 எம்.பி. வந்து சேரும். நாளைக்கு நான்கு வகுப்பென்றால் 1,350 எம்.பி. நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. கிடைக்கும் வீட்டில் அநேகமாக எல்லாமே தீர்ந்துவிடும். அதே கைப்பேசியில் தம்பியும் படிக்க வேண்டுமானால்? குரலுக்கு மட்டும் விநாடிக்கு 40 ஆயிரம் பிட் போதும். அப்போது நான்கு வகுப்புக்கும் சேர்த்து 54 எம்.பி.தான் ஆகும். வணக்கம் சொல்லும் வரை முகத்தைக் காட்டிவிட்டு, பிறகு காமிராவை அணைத்துவிடும் ஆசிரியர் தம் மாணவர்களின் பணத்தை மிச்சப்படுத்துகிறார். இந்தக் கணக்கைச் சொல்லாத பட்டியல், வசதியுள்ள வீட்டை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

படம் வேண்டிய இடங்களும் உண்டு. கணக்கையும் வேதியியல் சமன்பாட்டையும் எழுதிக் காட்டாமல் விளக்குவது கடினம். ஆனால் 350 செ.மீ. அகலமுள்ள கரும்பலகை, 14 செ.மீ. அகலமுள்ள கைப்பேசித் திரையில் 25 மடங்கு சுருங்குகிறது. பலகையில் 5 செ.மீ. உயரமுள்ள எழுத்து, திரையில் 2 மி.மீ. ஆகிவிடும்! 21 செ.மீ. அகலத் தாளில் 6 மி.மீ. உயரத்திற்கு எழுதினால் திரையில் 4 மி.மீ. கிடைக்கும். 2020-இல் புனேயைச் சேர்ந்த வேதியியல் ஆசிரியை ஒருவர், துணி மாட்டும் ஹாங்கரில் கைப்பேசியைக் கட்டித் தொங்கவிட்டுப் பாடம் நடத்தினார். அந்தப் புகைப்படத்தைப் பலரும் பார்த்து வியந்தார்கள். உண்மையில் அது வியப்புக்கு மட்டும் உரியதன்று. யாரும் பின்பற்றக்கூடிய நல்ல உத்தி.

கடைசியாக மைக்கை அணைக்கும் யோசனை. நாற்பது வீடுகளின் மிக்சி ஓசையும் வண்டிச் சத்தமும் ஒன்றாகக் கேட்டால் வகுப்பு நடக்காது. ஆகவே அணைப்பது சரியே. ஆனால் மீண்டும் திறப்பது எப்போது? இதைப் பற்றித்தான் பட்டியல்கள் போதிய அளவு பேசுவதில்லை.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பதிலுக்குக் காத்திருந்தனர்! மூன்று விநாடி அல்லது அதற்கு மேல் காத்திருந்தபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன. பதிலே வராத கேள்விகள் குறைந்தன. அவை நேர் வகுப்புகள். இணையத்திலோ கேள்வி தாமதமாகப் போகிறது, பதிலும் தாமதமாக வருகிறது. குரல் ஒரு பக்கம் செல்ல 0.15 விநாடிக்கு மேல் ஆகாதிருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. சிக்னல் மோசமான ஊரில் இந்த எல்லை எளிதில் மீறப்படும். போதாததற்கு மாணவர் மைக்கைத் தேடித் திறக்கவும் வேண்டும். எனவே ஆசிரியர் கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுவது நலம். பிறகு பெயர் சொல்லி ஒருவரை அழைக்கலாம். பேசத் தயங்குபவர் விடையைத் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பலாம். இதற்கெல்லாம் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

உலகில் குறைந்தது 46 கோடியே 30 லட்சம் மாணவர்களுக்குத் தொலைவழிக் கல்வி எட்டவில்லை என்று 2020 ஆகஸ்டில் யூனிசெஃப் கணக்கிட்டது. அவர்களுக்கு எந்தப் பட்டியலும் உதவியிராது. ஆனால் திரை வரை வந்து சேர்ந்தும் பேசாமலேயே வகுப்பை விட்டுப் போகும் மாணவர்களுக்கு நல்ல யோசனை உதவும். நீங்கள் ஆசிரியராயின் இனி ஒரு பட்டியல் கைக்கு வரும்போது, மாணவரின் பதில் உங்களை வந்தடைய அது என்ன வழி சொல்கிறது என்று பாருங்கள். நீங்கள் மாணவராயின், குரல் கேட்கவில்லை என்றால் தயங்காமல் உடனே சொல்லுங்கள். அந்தத் தகவல் உங்கள் ஆசிரியருக்கு வேறு வழியில் தெரிய வராது.