பேன்ஜோவும் பெயரில்லாத பாட்டும்

கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டும் பேன்ஜோ என்னும் நரம்புக் கருவியும் அமெரிக்காவுக்கு இஸ்லாம் தந்த கொடைகள் என்றொரு கூற்றை அண்மைக் காலமாக நமது இலக்கியச் சந்திப்புகளில் கேட்க முடிகின்றது. கேட்கும்போது மனம் குளிர்கின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நம் மனத்தைக் குளிர்விக்கும் கூற்றுகளையே முதலில் நிறுத்தி விசாரிக்க வேண்டும். அதுவே விமர்சனத்தின் கடமை. கரோலைனா சொக்லட் ட்ரொப்ஸ் என்ற மூவர் குழு 2010இல் வெளியிட்ட 'ஜெனுயின் நீக்ரோ ஜிக்' என்ற இறுவட்டை முன்வைத்து அந்த விசாரணையைச் செய்ய முயல்கிறேன்.

பேன்ஜோவின் கதையை முதலில் சொல்லிவிடுதல் பொருந்தும். சுரைக்குடுக்கையின் வாயில் தோலை இழுத்துக் கட்டி, கழியொன்றைச் செருகி, நரம்பு பூட்டிய கருவிகள் மேற்கு ஆபிரிக்காவில் பல உண்டு. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டோர் பெரும்பாலும் வெறுங்கையுடனேயே போனார்கள். கருவியைச் செய்யும் அறிவு மட்டும் அவர்களுடன் போயிற்று. 1687இல் ஜமேய்க்காவுக்குச் சென்ற ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர், அங்கே அடிமைகள் வாசித்த அத்தகைய கருவிகளைப் பற்றி எழுதி, 1707இல் வெளியான தமது நூலில் படத்தையும் சேர்த்திருக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோயல் சுவீனி என்ற வெள்ளையர், கறுப்பின மக்களிடம் இதனைக் கற்று மேடைக்குக் கொண்டு சென்றார். 1843இல் நியூயோர்க்கில் வேர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற நான்கு வெள்ளையர்கள், எரித்த தக்கைக் கரியை முகத்தில் பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிப்பாடினர். அந்தக் கேலி பெரும் வியாபாரமாயிற்று. பேன்ஜோ தொழிற்சாலைப் பொருளாகி வெள்ளையர் வீட்டு வரவேற்பறைக்குள் நுழைந்தது. 1945இன் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் மூன்று விரல்களால் மீட்டும் தமது முறையுடன் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தபின், புளூகிராஸ் என்ற இசைவகையின் குரலாகவே அது மாறிற்று. மலைநாட்டு வெள்ளையரின் கருவி இது என்று உலகம் நம்பியது. கறுப்பின மக்களிற் பலரும் இதைக் கைவிட்டிருந்தனர். தம்மைக் கேலி செய்த கருவியைத் தம் பிள்ளையின் கையில் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

இனி நமது கூற்றுக்கு வருவோம். பேன்ஜோவுக்கு மிக நெருங்கிய உறவாகப் பலர் காட்டுவது, செனகல், கம்பியாப் பகுதிகளில் வாழும் ஜோலா மக்களின் அக்கொன்டிங் என்ற கருவியை. கம்பியா நாட்டு ஆய்வாளர் டானியல் ஜட்டா 2000ஆம் ஆண்டளவில் இதனை அமெரிக்க ஆர்வலர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டிலும் பெருவிரலுக்கென ஒரு குட்டை நரம்பு உண்டு. மீட்டும் முறையும் ஒத்துப்போகின்றது. ஆனால் ஜோலா மக்களிடையே இஸ்லாம் பெருமளவில் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின்னரே. அடிமைக் கப்பல்கள் ஓடிய காலத்தில் அவர்களிற் பெரும்பாலோர் தம் முன்னோர் வழியையே பின்பற்றினர். எனவே பேன்ஜோவை முஸ்லிம்களின் கருவி என்பது, அதைச் செய்த கைகளிலிருந்து இன்னொருமுறை அதைப் பிடுங்குவதாகும். இம்முறை பிடுங்குவது நாம்.

குரலைப் பற்றிய வாதம் இதைவிட வலுவானது. சில்வியான் டியூஃப் 1998இல் வெளியிட்ட 'சேர்வன்ட்ஸ் ஒஃப் அல்லாஹ்' என்ற நூலில், அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த ஆபிரிக்க முஸ்லிம்களின் வரலாற்றைத் திரட்டியிருக்கிறார். தென் மாநிலக் கூலிமுகாம்களின் கூவற்பாட்டையும் பாங்கோசையையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து, இரண்டிலும் ஓரெழுத்தின் மேல் குரல் நெளிந்து நீளும் விதத்தை அவர் காட்டுவதுண்டு. இசை ஆய்வாளர் கெர்ஹார்ட் கூபிக்கும் புளூஸின் குரல்முறைக்கும் மேற்கு ஆபிரிக்க இஸ்லாமியச் சூழலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதியுள்ளார். இது பலவற்றுள் ஒரு வேர். அவ்வளவில் அதனைப் பெற்றுக்கொள்வதே நேர்மை.

நம்மில் பலர் அறியாத இன்னொரு பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். உமர் இப்னு செயித், செனகலின் பூட்டா டோறோவைச் சேர்ந்த ஆலிம். 1807இல் பிடிக்கப்பட்டு சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டவர். தப்பியோடிச் சிறைப்பட்டபோது சிறைச் சுவரில் அறபில் எழுதினார் என்பர். 1831இல் தமது வாழ்க்கைக் கதையை அறபியிலேயே எழுதினார். ஆட்சியும் உடைமையும் யாருக்குரியவை என்பதைப் பேசும் ஸூறத்துல் முல்க்குடன் அக்கதை தொடங்குகின்றது. ஓர் அடிமை தன் எசமானின் நாட்டில் அந்த ஸூறாவைத் தேர்ந்தது தற்செயல் என நான் நினைக்கவில்லை. இவரைப் பற்றிய 'ஒமர்' என்ற ஒபெரா 2022இல் அதே சார்ள்ஸ்டனில் அரங்கேறி, 2023இல் இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. மைக்கல் ஏபல்ஸுடன் சேர்ந்து அதனை ஆக்கிய றியானன் கிடென்ஸ், நான் எடுத்துக்கொண்ட இறுவட்டின் மூவரில் ஒருவர்.

அம்மூவரும் 2005இல் வட கரோலைனாவின் பூன் நகரில் நடந்த கறுப்பின பேன்ஜோ ஒன்றுகூடலை ஒட்டி இணைந்த இளைஞர்கள். ஜோ தொம்சன் என்ற முதிய வயலின் கலைஞரின் வீட்டுக்கு வாராவாரம் போய், அவர் எதிரே அமர்ந்து கேட்டுக் கேட்டுப் பழகினார்கள். அவர் 1918இல் பிறந்து 2012இல் மறைந்தவர். இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்த வாசல் மூடியிருக்கும்.

இறுவட்டைக் கேட்கும்போது முதலில் எட்டுவது அதன் கலகலப்பு. அருங்காட்சியகப் பொருளைத் துடைத்துக் காட்டும் பவ்வியம் இதில் இல்லை. பழைய நடனப் பாட்டுகளின் நடுவே, 2001இல் வானொலிகளில் ஒலித்த ஒரு புதுப் பாட்டையும் வாசிக்கிறார்கள். மரபுக்கு இது இழுக்கு என நினைப்போர் இருக்கலாம். கிராமத்துத் திருமணத்தில் வாசித்தவன் எந்தக் காலத்தில் புதுப் பாட்டை விலக்கினான்? எனக்குக் குறையாகப் படுவது வேறு: பாட்டுக்குப் பாட்டு தாவும் வேகத்தில் துயரம் தங்கி நிற்க இடமில்லாது போகின்றது.

அக்குறையை ஈடுசெய்வது சொற்களில்லாத ஒரே ஒரு மெட்டு. டான் எம்மெட், 1843இல் முகத்தில் கரி பூசிய அந்த நால்வரில் ஒருவர். அவருடைய கையேட்டில் இது 'அசல் நீக்ரோ ஜிக்' என்று மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. ஒஹாயோவில் அவருடைய ஊர்ப் பக்கத்தில் வாழ்ந்த ஸ்னோடன் என்ற கறுப்பினக் குடும்பத்தாரிடம் அவர் இதைப் பெற்றிருக்க வேண்டும் என்பது இக்குழுவின் கருத்து. ஆகவே அவர்கள் 'ஸ்னோடனின் ஜிக்' என்று முன்னே எழுதி, பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டார்கள். இந்த இறுவட்டின் மிகச் சிறந்த விமர்சன வாக்கியம் அந்தத் தலைப்புத்தான். 'நீக்ரோ' என்பது ஒரு கூட்டத்தின் மேல் ஒட்டிய சீட்டு. ஸ்னோடன் என்பது ஒரு வீட்டின் பெயர்.

இது தூரதேசத்துக் கதை எனத் தள்ளிவிட இயலாது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணம் சோனகத்தெருவிலிருந்து புத்தளத்துக்கு வந்து சேர்ந்தோம். புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவழிக் குடும்பங்கள் வாழ்கின்றன. பிரித்தானியரின் படையணிகளில் இருந்தோரின் வழிவந்தவர்கள். றபான், சிரட்டை, கரண்டியால் தட்டும் போத்தல் ஆகியவற்றுடன் அவர்கள் பாடுவதை மஞ்சா என்பர். மொழி போர்த்துக்கேயக் கிரியோல். பாடுகின்ற இளையோர் பலருக்குச் சொற்களின் பொருள் இன்று தெரியாது. 1940களின் இறுதியில் வொலி பெஸ்டியன் சிங்கள பைலாவை வளர்த்தெடுத்தது கபிரிஞ்ஞா என்ற தாளத்திலிருந்து. அந்தப் பெயரிலேயே கபிரி மக்கள் இருக்கிறார்கள். ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'க்குத் தீவகத்துக் கலியாண வீடுகளிலும் கைதட்டியிருக்கிறோம். அந்தத் தாளம் யார் வீட்டிலிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கேளாமை என்ற அந்தக் குற்றத்தில் எனக்குள்ள பங்கு இதைவிடப் பெரிது. ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் நாட்டார் பாடல் சேகரிக்கும் ஒப்படை ஒன்று தந்தார்கள். அகதிக் குடியிருப்பின் ஓலைக் கொட்டிலில் உம்மம்மா பாடப் பாட, பதினொரு தாலாட்டுகளை எழுதினேன். ஒவ்வொரு பாட்டும் யாரிடம் கற்றது என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பாட்டுக்கு வேண்டாத கதை என்று அவற்றை விட்டுவிட்டு, ஒப்படையின் தலைப்பில் "ஆக்கியோர் பெயர் அறியப்படவில்லை" என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. உம்மம்மா மறைந்துவிட்டார். சோனகத்தெருவில் பாய் இழைத்த ஒரு பெத்தாவிடம் கற்றதாகச் சொன்னது நினைவிருக்கிறது. பெயர் நினைவில் இல்லை. டான் எம்மெட்டின் கையேட்டைப் பற்றிப் படித்தபோது என் கொப்பிதான் கண்முன் வந்தது.

பேராசிரியர் ம.மு. உவைஸ் 1953இல் 'தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பணி' பற்றிய தமது ஆங்கில நூலை வெளியிட்டிராவிட்டால், நமது காப்பியங்களும் கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் எத்தனை பேர் நினைவில் நின்றிருக்கும்? அச்சேறிய இலக்கியத்துக்கு அந்தப் பணி நடந்தது. வாய்ப்பாட்டுக்கு அந்தளவு நடக்கவில்லை. இசை ஆகுமா ஆகாதா என்ற வாதத்தை உலமாக்களிடம் விடுகிறேன். நோன்பு இரவில் ஸஹருக்கு எழுப்ப றபானுடன் வந்த பாவாவின் பைத்தை விரும்பாதவரும், அவர் எந்த ஊரார், யாரிடம் கற்றார் என்று எழுதிவைப்பதை மறுக்கக் காரணமில்லை.

நாம் வாழும் நகரமே, யாழ் வாசித்த பாணன் ஒருவனுக்குப் பரிசாகக் கிடைத்த ஊர் என்பது ஐதீகம். அவன் வாசித்த கருவி வழக்கொழிந்து, அதன் இலக்கணத்தை விபுலானந்த அடிகள் 1947இல் யாழ் நூலாகத் தேடித் தர வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய உழைப்பு நம் எல்லோராலும் ஆகாது. முதியவர் ஒருவர் பாடும்போது "இதை யார் உங்களுக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்பது ஆகும். தீவகத்தில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது கொடுக்கும் ஒப்படையில் பாட்டுக்கு ஒரு பக்கமும், பாடியவருக்கும் அவருக்குக் கற்பித்தவருக்கும் ஒரு பக்கமும் ஒதுக்கச் சொல்கிறேன். இரண்டாவது பக்கம் வெறுமையாக இருந்தால் கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, மீண்டும் போய்க் கேட்டு வரச் சொல்கிறேன். எனக்கு அப்படிச் சொல்ல அன்று ஒருவர் இருக்கவில்லை.